பழைய வன்தட்டுகளும் பெயர்த்தெழுதாத ஏடுகளும்

தமிழில் எழுதப்பட்டவற்றுள் ஒரு பகுதி இன்று ஓலையிலும் இல்லை, தாளிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. பரணிலும் மேசை இழுப்பறையிலும் கிடக்கும் பழைய மடிக்கணினிகளின் வன்தட்டுகளில் அது இருக்கிறது. ஏறத்தாழ 1995 முதல் 2008 வரை கணினியில் தட்டெழுதப்பட்டு, அச்சேறாமலும் ஒருங்குறிக்கு மாறாமலும் நின்றுபோன எழுத்துகளையே சொல்கிறோம். அந்தத் தட்டைக் கழற்றி ஒரு மேசைக்கணினியோடு இணைத்துப் படியெடுப்பதைக் கணினிக் கடைக்காரரின் வேலை என்று தமிழ் படித்தவர்கள் ஒதுக்கிவிடுகிறோம். நம் கருத்தில் அது ஏடு பெயர்த்தெழுதும் வேலை. அதன் முதற்பாதிக்கு ஒரு திருப்புளி போதும். பிற்பாதிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11, பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. அலுவலகங்களும் வீடுகளும் கணினிகளை மாற்றும் காலம் இது. புதியது வரும்போது, அதற்கு முந்தையதும் அதற்கும் முந்தையதும் சேர்ந்தே பழைய சாமான் கடைக்குப் போகின்றன.

எவை போகின்றன

திருப்பூரில் துணி வீணாவதில்லை. கட்டிங் மேசையில் விழும் துண்டுகூடப் பனியன் வேஸ்ட் என்று எடைக்கு விலைபோகிறது. ஒரு பகுதி மீண்டும் நூலாகிறது. ஏற்றுமதியில் கழிக்கப்பட்டவை காதர்பேட்டைக் கடைகளில் வாங்குவோரைக் காண்கின்றன. துணிக்கு இத்தனை கணக்கு வைத்திருக்கும் ஊர், எழுத்துக்கு அந்தக் கணக்கை வைக்கவில்லை.

நம்மூர்க் கம்பெனிகளின் பழைய தட்டுகளில் என்ன இருக்கும்? பேட்டர்ன் கோப்புகள், எம்பிராய்டரி டிசைன்கள், வெளிநாட்டு பையர்களோடு நடந்த மின்னஞ்சல்கள், கூலிப் பட்டியல்கள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்கள். 2014இல் யு.ஏ.என். எண் வருமுன், தொழிலாளி ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் அவருக்குப் புதுக் கணக்கெண் வந்தது. மூடப்பட்ட ஒரு கம்பெனியில் தாம் உழைத்த ஆண்டுகளை மெய்ப்பிக்க ஒரு தையற்காரம்மாள் இன்று அலைகிறார் என்றால், அவருக்கு வேண்டிய ஒரு வரி ஏதோ ஒரு தட்டில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். இது இலக்கியமன்று, ஆனால் இலக்கியத்தைவிடக் குறைந்ததும் அன்று.

தமிழ்த் துறைகளின் நிலை வேறு. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு, அதாவது எம்.ஃபிலுக்கு, எழுதப்பட்ட ஆய்வேடுகள் பெரும்பாலும் ஊர் டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கரில் அடிக்கப்பட்டு, நாலைந்து படிகள் கட்டப்பட்டு, துறை அலமாரியில் அடங்கின. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோடு அந்தப் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. வட்டார வழக்கு, குலதெய்வ வழிபாடு, நாட்டார் பாடல், ஊர்ப்பெயர் என்று மாணவர்கள் காலால் நடந்து திரட்டியவை அவற்றில் உள்ளன. ஆய்வேட்டில் சேர்ந்தது திரட்டியதில் ஒரு பங்குதான். எஞ்சியது, எழுதியவரின் கணினியிலேயே தங்கிவிட்டது.

தட்டை இணைத்தல்

கணினி கிளம்பவில்லை என்றால் தட்டும் கெட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகின்றனர். திரையோ மதர்போர்டோ சார்ஜரோ பழுதாகியிருக்கலாம்; அந்நிலையில் தட்டு நலமாகவே இருக்கும். மடிக்கணினியை அணைத்து, மின்கலத்தை எடுத்துவிட்டு, அடிப்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குலத் தட்டு வெளிவரும். தொடுமுன் ஏதேனும் பெரிய உலோகப் பொருளைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட வேண்டும்.

அடுத்து, தட்டின் விளிம்பைப் பார்க்க வேண்டும். அட்டைபோலத் தட்டையான இரு இணைப்புகள், 7 தொடுமுனைகளும் 15 தொடுமுனைகளுமாக இருந்தால் அது சாட்டா. இது எளிது. மேசைக்கணினியின் 3.5 அங்குலத் தட்டுக்கும் இதே இணைப்புத்தான். கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து ஒரு சாட்டா கேபிளும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு மின்கேபிளும் செருகினால் போதும். தட்டு சிறியதாகையால் கேபினெட்டின் திருகுத் துளைகள் பொருந்தா. படியெடுக்கும் வரை ஓர் உலர்ந்த அட்டைப் பெட்டியின்மேல் அசையாமல் கிடத்தலாம். கணினி, பழைய தட்டிலிருந்து கிளம்ப முயலாமல் தன் சொந்தத் தட்டிலிருந்தே கிளம்புமாறு பயாஸில் வரிசையைச் சரிபார்க்க வேண்டும்.

இரு வரிசையாக ஊசி ஊசியான பின்கள் இருந்தால் அது ஐ.டி.இ. 2000களின் முற்பகுதி மடிக்கணினிகள் பெரும்பாலும் இவ்வகையே. இங்கே கவனம் வேண்டும். மேசைக்கணினியின் ஐ.டி.இ. தட்டுக்கு 40 பின். மின்சாரம் தனி இணைப்பு வழியாக 5 வோல்ட்டும் 12 வோல்ட்டுமாக வரும். மடிக்கணினித் தட்டுக்கு 44 பின்; அவை நெருக்கமானவை. 5 வோல்ட் மின்சாரமும் அவற்றின் வழியாகவே போகிறது. ஆகவே மேசைக்கணினியின் கேபிள் இதில் நேரே பொருந்தாது. 44 பின்னை 40 ஆக்கும் சிறு அடாப்டர் தேவை. அதைத் தலைகீழாகச் செருகினால் மின்சாரம் தவறான பின்னில் பாய்ந்து தட்டு எரிந்துவிடும். முதலாம் பின்னின் அடையாளத்தை இரு பக்கமும் பார்த்துப் பொருத்த வேண்டும்.

இன்றைய மதர்போர்டுகளில் ஐ.டி.இ. இணைப்பே கிடையாது. அவற்றுக்கு யூ.எஸ்.பி. அடாப்டர்தான் வழி, சாட்டா, ஐ.டி.இ. இரண்டையும் ஏற்கும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். பழைய தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட மிகுதியாகக் கேட்கும். தட்டு தொடங்கித் தொடங்கி நின்றால், அது சாகவில்லை, பசித்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். இரு செருகிகள் கொண்ட கேபிளோ தனி மின்னிணைப்போ கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இணைத்தபின் செய்யக்கூடாதவை சில உள. ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. பழுது நீக்கும் நிரல் எதையும் உடனே ஓட்டக் கூடாது. நலிந்த தட்டுக்கு அது கடைசி அடியாகும். கடிகாரம்போல் ‘டக் டக்’ என்று ஒலி வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். தட்டைப் பிரித்துப் பார்ப்பதும் குளிர்பெட்டியில் வைப்பதும் வீண் வேலை. அரிய சரக்கு உள்ளதெனில் அதற்குரிய மீட்பு நிலையத்தையே நாட வேண்டும்.

கோப்புறையைத் திறக்க ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் அஞ்சவேண்டியதில்லை. அது பழைய பயனர் கணக்கின் உரிமைக் குறிப்பு. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவிலிருந்து கிளப்பி, தட்டைப் படிக்க மட்டும் திறந்தால் பெரும்பாலும் அந்தத் தடை இராது; தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. நலிந்த தட்டாயின் குனு டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளால் முழுத் தட்டையும் ஒரே படிமமாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் படிமத்தில் தேடுவதே முறை. ஏட்டை ஒரே ஒரு முறை பிரித்துப் படியெடுத்துவிட்டு, பின் படியை வைத்தே ஆராய்வது போல. பிற்காலக் கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அதற்கு 48 இலக்க மீட்பு எண் இன்றி வழியில்லை.

இரண்டாம் பூட்டு

திருப்பூருக்குப் பக்கத்து அவிநாசியில், முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது தலவரலாறு. இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை கரையேறினானாம். வன்தட்டு அவ்வளவு கருணையுடையதன்று. விழுங்கிய நாளில் இருந்தபடியே திருப்பித் தருகிறது. அந்தப் பிள்ளை பேசுவதும் அன்றைய பேச்சுத்தான்.

கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் நிரம்பி வழிகின்றன. பலர் இவ்விடத்தில் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று அழித்துவிடுகின்றனர். கெடவில்லை, எழுத்துருதான் இல்லை.

அன்றைய எழுத்துருக்களில் இடம் மொத்தம் 256. முதற்பாதி ஆங்கிலத்துக்கு. மறுபாதியில் தமிழெழுத்துகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழர்கள் மடற்குழுக்களில் கூடிப் பேசித் திஸ்கியை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என இரு குறியேற்றங்களை முன்வைத்தது. ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றிருந்தாலும் அது வீட்டுக் கணினிகளுக்குப் பரவியது விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001க்குப் பிறகுதான். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதியவை எல்லாம் ஏதோ ஓர் எழுத்துருவின் அடிமைகள்.

ஆகையால், தட்டிலிருந்து ஆவணக் கோப்புறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ என்னும் கோப்புறையையும் முழுதாகப் படியெடுக்க வேண்டும். கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதோ அது அங்கே இருக்கும். எழுதிய டி.டி.பி. கடை மூடப்பட்டிருக்கும், எழுத்துரு விற்ற நிறுவனம் மறைந்திருக்கும், அந்தத் தட்டு ஒன்றே பூட்டும் திறவுகோலும் ஒருங்கே உள்ள இடம். பேஜ்மேக்கர் கோப்பானால் இன்னொரு சிக்கல்: அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது, இன்றைய இன்டிசைன் அக்கோப்புகளைத் திறப்பதில்லை. பழைய கணினி ஓடுமானால் அதிலேயே திறந்து, பி.டி.எஃப். ஆகவும் வெறும் உரையாகவும் சேமித்துக்கொள்வது நன்று.

பிறகு ஒருங்குறிக்கு மாற்றுதல். சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி முதலிய கருவிகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் கருவி செய்து முடித்தபின்னும் வேலை மிச்சமிருக்கிறது. தமிழ் படித்தவர் வேண்டியிருப்பது இங்கேதான்.

பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றே. எனவே ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிறது. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, தேடினால் கிடைக்காது. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிவிட்டுப் போன அவசரக் கைகளும் உண்டு. இவை எங்கோ கேட்ட சிக்கல்கள் போலத் தோன்றவில்லையா? ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரக் கொம்புகளுக்குள் வேறுபாடில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சீவக சிந்தாமணியை 1887லும் புறநானூற்றை 1894லும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒவ்வொரு சொல்லிலும் எதிர்கொண்டது இதையே. எழுத்தின் உருவம் மயங்கும்போது பொருளறிந்தவன்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். இருபத்தோராம் நூற்றாண்டுக் கோப்பில் அதே மயக்கம் திரும்பி வந்திருக்கிறது. அவர் கற்றுத்தந்த முறையும் நம்மிடம் இருக்கிறது.

ஒரு தட்டின் கதை

நம்மூர்ப் பக்கம் வாழ்ந்து மறைந்த ஒரு தமிழாசிரியரின் மடிக்கணினியை அவர் துணைவியார் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தந்தார். “இது இனி எதுக்குங்க சார்? பழைய சாமான்காரருக்குப் போட்டுரலாம்னுதான் இருந்தோமுங்க” என்றார். 2004ஆம் ஆண்டு வாங்கியது, 40 ஜி.பி. தட்டு, 44 பின். மாணவர் ஒருவரின் உதவியோடு யூ.எஸ்.பி. அடாப்டரில் இணைத்தோம். இரண்டாம் செருகியைக் கொடுத்த பிறகே சுழன்றது. அன்றிரவே முழுப் படிமம் எடுக்கப்பட்டது. நான்காம் நாள் மீண்டும் இணைத்தபோது தட்டு சுழலவே இல்லை, இன்றுவரை சுழலவில்லை.

படிமத்தில் இருந்தவை: ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்துச் சிற்றூர்களில் அவர் கேட்டு எழுதிய ஒப்பாரிப் பாடல்கள். பாடிய பெண்ணின் பெயர், வயது, ஊர், யாருடைய இழவில் பாடியது என்னும் குறிப்பு எல்லாம் ஒவ்வொன்றின் கீழும். எழுத்துரு எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தட்டின் ஃபான்ட்ஸ் கோப்புறையே அடையாளம் காட்டியது. மாற்றி முடித்துத் திருத்த உட்கார்ந்தபோது, எது தட்டச்சுப் பிழை, எது காங்கேயத்துப் பேச்சு என்று பிரிப்பதே பெரும்பாடாயிற்று. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாடியவர்களுள் பலர் இன்றில்லை. அவர்கள் பேத்திமார் பனியன் கம்பெனி வண்டியில் ஏறிச் செக்கிங் வேலைக்குப் போகின்றனர். ஒப்பாரி வைக்க அவர்களுக்குத் தெரியாது. அச்சடித்த படிகளை அந்த அம்மையாரிடம் கொடுத்தபோது, தம் மாமியாரின் பெயரை ஒரு பாடலின்கீழ்க் கண்டு நெடுநேரம் அந்தப் பக்கத்தையே வைத்திருந்தார்.

சில மறுப்புகள்

‘எல்லாம் மேகக் கணிமைக்குப் போய்விட்டதே’ என்பர். போனவை அண்மைக்காலத்தவை. அன்றைய இணையத்தை நம்பியவர்களும் ஏமாந்தனர். தமிழ்ப் பக்கங்கள் பல குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அந்தப் பக்கங்களை எழுதியவர்களின் மூலக் கோப்புகள் இன்றும் இருக்குமாயின், அவை பழைய தட்டுகளில்தாம் இருக்க வேண்டும்.

‘வன்தட்டை ஓலையோடு ஒப்பிடுவது மிகை’ என்பது இன்னொரு மறுப்பு. ஒருவகையில் மிகைதான். நல்ல ஓலை நூறாண்டுகளைத் தாண்டி நிற்கும். தட்டுக்கு அந்த ஆயுள் இல்லை. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்.எஸ்.டி. நினைவகமும் மறக்கத் தொடங்கும். ஓலைக்குக் கரையான் வர வேண்டும். தட்டுக்குக் காலமே போதும். ஆக, ஒப்புமை பொய்யாவது நம் அவசரத்தைக் கூட்டவே செய்கிறது.

மூன்றாவது மறுப்பு வலுவானது: பிறர் தட்டைத் திறப்பது பிறர் கடிதத்தைப் பிரிப்பது போலன்றோ? ஆம். மறைந்தவரின் தட்டில் கவிதையும் இருக்கும், கடனும் இருக்கும், எவரும் காணக்கூடாத மடலும் இருக்கும். குடும்பத்தாரின் சம்மதமின்றித் தொடலாகாது. சம்மதம் பெற்றபின்னும் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையவற்றைப் படிக்காமல் அவர்களிடமே ஒப்படைப்பதுதான் அறம். பழைய சந்தையில் வாங்கிய தட்டைத் துழாவுவது ஆராய்ச்சியாகாது. கம்பெனிகளுக்கும் இது பொருந்தும்: வேண்டியதை எடுத்துவிட்டு, தொழிலாளரின் அடையாளச் சான்றுகள் கிடக்கும் தட்டை முற்றாக அழித்தபின், 2023 ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும். எடைக்குப் போட்ட தட்டு, எவர் கைக்கும் போகும்.

செய்யத்தக்கது

பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு தமிழ்த் துறையிலும் ஒரு மேசை. அதில் ஒரு பழைய மேசைக்கணினி, இருவகைத் தட்டுக்கும் ஏற்ற அடாப்டர், ஒரு திருப்புளி, படிமங்களை வைக்க இரண்டு புதிய வெளித்தட்டுகள். படி இரண்டாவது இருக்க வேண்டும். அவை இரு வேறு வீடுகளில் இருக்க வேண்டும். கணினித் துறை மாணவர் ஒருவர் கேபிளைப் பார்த்துக்கொள்ளட்டும். தமிழ் மாணவர் ஒருவர் பாடத்தைப் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் மறைந்தவர்களின் வீடுகளிலும் சென்று கேட்க வேண்டும். சுவடி தேடியவர்கள் மாட்டுவண்டியில் போனார்கள். நமக்கு நகரப் பேருந்து இருக்கிறது.

எடுத்ததை எங்கே சேர்ப்பது என்பதற்கும் முன்மாதிரிகள் உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சினாலேயே வளர்ந்தது. எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கும், பின் ஒருங்குறிக்கும் மாறி வந்த அனுபவமும் அதற்குண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கண்ட சமூகத்திலிருந்து, 2005இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் எழுந்தது. நெருப்பு வைத்தவர்களைப் பற்றி அவர்கள் பேச முடிந்தது. நம் தட்டுகளுக்கு யாரும் நெருப்பு வைக்கவில்லை. பழைய சாமான்காரரை நாமே கூப்பிட்டுக் கொடுக்கிறோம்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைப் பழையன என்று தீயிலிட்டுவிட்ட செய்தியை உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார். இட்டவர்கள் தீயவர்கள் அல்லர். அவற்றை வைத்திருப்பதன் பயன் அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. நமக்குத் தெரியும். வீட்டுப் பரணில் ஒரு மடிக்கணினி இருக்குமாயின், இந்த விடுமுறையில் இறக்கிப் பார்ப்போம். அது சுழலும் வரை, உள்ளே இருப்பது இழக்கப்பட்டதன்று.